பின்வளவில் நிற்கும் பைன்கள்

அண்ணை முதல் பைன் கன்றை நட்டபோது வீட்டுப் பின்வளவில் அண்ணி நின்றார். அவர்கள் மகள் நின்றாள். அண்ணையின் டேனிஷ் நண்பர் யென்ஸ் குழி தோண்ட அலவாங்கோடு நின்றார், நிலம் உறைந்திருந்தது. நான் நின்றேன். அக்கா இல்லை. அவர் போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்.

அண்ணை கிளிநொச்சியில் பிறந்தார். அடுத்தது அக்கா, கடைசி நான். அப்பா வேளைக்கே காலமாகிவிட்டார். எங்களை வளர்க்க அண்ணை படிப்பை விட்டார். பிறகு டென்மார்க் வந்து என்னையும் கூப்பிட்டார். பிராண்டே என்னும் ஊரில் தொழிற்சாலை வேலை. யாரையும் ஏசி நான் கேட்டதில்லை.

சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே உள்ள மணல் வெளிக்குப் போவார். லுங் என்னும் ஊதாப் பூச்செடி படர்ந்த இடம். எங்கள் ஊர் வெட்டவெளியைச் சொல்வதுபோல அண்ணை அதைத் தரவை என்பார். பைன் கன்றுகள் முளைத்து அதை மூடிக்கொண்டு வந்தன. மூடினால் லுங் சாகும். நிலத்தில் கூடு கட்டும் வானம்பாடியும் போய்விடும். அதனால் யென்ஸ் ஆட்களைச் சேர்த்துக் கன்றுகளைப் பிடுங்கினார். அண்ணையும் பிடுங்கினார்.

போர் முடிந்த ஆண்டு, மாசியில் அக்காவின் தொடர்பு அறுந்தது. அந்தச் சனிதான் அண்ணை ஒரு கன்றை வேரோடு பையில் கொண்டு வந்தார். அடுத்த சனியும் ஒன்று.

யென்ஸ் டேனிஷில் பகிடி பண்ணினார். "அங்கை காட்டை அழிக்கிறம். நீ வீட்டிலை காடு வளக்கிறாய்."

"என்னண்ணை இது? பிடுங்கினதை ஏன் நடுறியள்?" என்று நானும் கேட்டேன்.

"நாள் முழுக்கக் கொல்லுறன்டா தம்பி. நான் ஒண்டை விட்டனெண்டா, வன்னியிலை ஆராவது அவளை விடமாட்டாங்களோ?"

நான் வாளியை எடுத்து வந்து தண்ணீர் ஊற்றினேன்.

வைகாசியில் போர் முடிந்ததென்று செய்தி வந்தது. அக்காவைப் பற்றி ஒன்றும் இல்லை. சனிக்கு ஒன்றாக அண்ணை நட்டுக்கொண்டே இருந்தார். ஆனியில் அகதி முகாமிலிருந்து அக்காவின் தொலைபேசி வந்தது.

"அண்ணை, நான் இருக்கிறன்."

"சாப்பிட்டியோ?" என்றார் அண்ணை.

அடுத்த சனி வெறும் பையோடு வந்தார்.

தரவையில் இப்போது வானம்பாடி கூடு கட்டுகிறது. பல ஆண்டுகள் கழித்துப் படுக்கையில் விழுந்த பிறகு, அண்ணை கட்டிலைப் பின்வளவுப் பக்கம் திருப்பச் சொன்னார். அக்கா ஊரிலிருந்து வந்து கஞ்சி பருக்கினார். அவர் கையிலேயே அண்ணை கண் மூடினார்.

பராமரிக்க வந்த தாதிப் பிள்ளைகளுக்கும், சமைத்துத் தந்த அயலவருக்கும், யென்ஸுக்கும் எங்கள் நன்றி. அண்ணியைப் பார்க்க வருபவர்கள் பின்வளவையும் பாருங்கள்.

மரங்கள் பதினேழு.