பத்து விடியலில் ஒரு வீடு

என் அம்மம்மா அன்னபாக்கியத்துக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் எவருமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அக்கராயன் குளத்தின் கீழ்க் காணி கிடைத்து வந்தபோது, இங்கே பிள்ளையாருக்கு ஒரு கொட்டில்கூட இருக்கவில்லை. காட்டோரத்தில் ஒரு கல்லை நட்டு, அதன் முன் நின்று பாடத் தொடங்கிய மனுசி அவர். யானைக்கும் கேட்கும் என்று அயலார் பகிடி பண்ணுவார்கள். கேட்டுத்தான் இருக்கும், அப்படியொரு தொண்டை. சாகும்வரை கோயிலிலும் கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் அவர்தான் பாட்டு.

அறுபத்தோராம் ஆண்டு அவர் மனதில் ஒன்றுதான் இருந்தது. ஊருக்கு ஓர் அரசாங்க மருத்துவிச்சி வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய தங்கை இரஞ்சிதம், பிரசவ வலியோடு கிளிநொச்சிக்கு மாட்டுவண்டியில் போகும் வழியிலேயே இறந்துபோனார். பிள்ளையும் தங்கவில்லை. இப்போது மகள் இராசேஸ்வரிக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயிற்றில் இருந்தது நான்.

மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. தை பிறக்கமுன் தங்க ஒரு வீடு கட்டிக்கொடுத்தால் மருத்துவிச்சி வருவார். இல்லாவிட்டால் வேறு ஊருக்குப் போய்விடுவார். ஊர்ச் சங்கத் தலைவர் கனகலிங்கம் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"இப்ப களை எடுக்கிற காலம், அன்னபாக்கியம். நெல்லு அரிவு வெட்டு முடியட்டும், பாப்பம்."

"பிள்ளை அதுவரைக்கும் வயித்துக்குள்ள பாத்துக்கொண்டிருக்குமோ, அண்ணை?"

அவர் வயலைப் பார்க்க நடந்துவிட்டார். தலைவர்மார் அப்படித்தான்.

மார்கழியில் பத்து நாள், விடியமுன் சங்கை ஊதி, வெண்கலச் சேமக்கலத்தை அடித்து, வீடு வீடாகப் பாடிப்போவது எங்கள் வழக்கம். வாசல் படலையில் பாட்டுக் கேட்டால் வீட்டுக்காரர் விளக்கோடு வெளியே வரவேண்டும். அவர் வரும்வரை பாட்டு அடுத்த வீட்டுக்கு நகராது. போவது எப்போதும் ஆண்கள்தான். அந்த வருடம் மழை, களை என்று அவர்கள் பின்வாங்க, அம்மம்மா நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மம்மா அடித்தது சேமக்கலம்.

விளக்கோடு வந்தவர்களிடம் ஒரே கேள்விதான். "மருத்துவிச்சி வீட்டுக்கு ஒரு கப்புத் தாறியளோ, ஒரு நாள் வேலை தாறியளோ?" பதில் வரும்வரை பாட்டு நிற்காது. சாமிப் பாட்டை நிறுத்து என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? முதல் விடியலில் தூணுக்குப் பாலைமரக் கப்பு ஆறு கிடைத்தது. பிறகு கூரைக்குக் கிடுகு வந்தது, மண் குழைக்க ஆள் வந்தது. எட்டாம் நாள் சுவர் எழும்பி நின்றது. கூரை முகட்டில் போட நீளமான வளைமரம்தான் இல்லை. அது கனகலிங்கத்தின் முற்றத்தில் கிடந்தது.

ஒன்பதாம் விடியலில் அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்துவிட்டார். அம்மம்மா ஒரே பாட்டை ஆறு தரம் பாடினார். நாய்களும் கூடப் பாடின. ஏழாம் தரம், அவருடைய மனைவியே சிரித்துக்கொண்டு விளக்கை அவர் கையில் திணித்து வெளியே தள்ளிவிட்டார்.

"வளையைக் கொண்டுபோ! இந்தப் பாட்டை மட்டும் நிப்பாட்டு!"

"ஆர் தூக்கிறது, அண்ணை? நீங்களும் ஒரு பக்கம் பிடியுங்கோ."

பிடித்தார். வேட்டியை மடித்துக் கட்டி, வளையைத் தோளில் வைத்து, சேற்று வரம்பில் தலைவர் முன்னால் நடக்க, பெண்கள் பாடிக்கொண்டு பின்னால் போனார்கள். அதைக் காண எனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்ற கோபம் இன்றும் உண்டு.

பத்தாம் நாள் கூரை வேய்ந்தாயிற்று. அந்தக் கிழமையே மருத்துவிச்சி பெட்டியோடு வந்திறங்கினார். மறுநாள் காலை அம்மாவுக்கு வலி கண்டது. மருத்துவிச்சி குடையைப் பிடித்துக்கொண்டு கால் மணித்தியாலத்தில் நடந்து வந்துவிட்டார். என் கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருந்ததாம். பதறாமல் கழற்றி எடுத்தார். வண்டியில் ஏற்றியிருந்தால் எங்கள் கதையும் சின்னம்மம்மா இரஞ்சிதத்தின் கதைதான்.

அம்மம்மா என்னை ஏந்திக்கொண்டு பாட வாயைத் திறந்தார். பத்து விடியல் கத்திய தொண்டை, கரகரப்புத்தான் வந்தது.

"பாடாதையுங்கோ அம்மா, பிள்ளை பயப்பிடும்" என்றார் மருத்துவிச்சி.

அம்மம்மா கேட்கிற ஆளா? பாடினார். வீரிட்டு அழுதுகொண்டிருந்த நான் அழுகையை நிறுத்திவிட்டேனாம்.