பச்சைப் புள்ளி வைத்த விரால்

ஒரகடம் பக்கம் கம்பெனிகள் வரத் தொடங்கிய நேரம். நான் வேலை பார்த்த கம்பெனி லைனில், பாகங்களின் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு பச்சை மார்க்கர். தேறிய பீஸில் பச்சைப் புள்ளி வைப்பார். அது லாரி ஏறிப் போய்விடும். தேறாதது எங்களிடமே திரும்பி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரூம் நண்பர்கள் தெர்மாகோல் பலகைகளைக் கட்டி மிதவை செய்தோம். ஏரி நடுவே இருந்த மேட்டுக்குப் போய், மீன் பிடித்துச் சமைத்து, அங்கேயே தங்குவதாகத் திட்டம். அவரும் வந்தார், மார்க்கரோடு.

மதியம் வரை பொடி ஜிலேபி மீன்கள்தான் மாட்டின. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, "ரிஜெக்ட்" என்று வாளியில் போட்டார். அப்புறம் என் தூண்டிலில் கை நீளத்துக்கு ஒரு விரால்! நான் போட்ட கூச்சலில் கொக்குகள் பறந்தன. அவர் அதை வாங்கினார். துண்டால் துடைத்தார், செவுளைத் தூக்கிப் பார்த்தார், தலையில் பச்சைப் புள்ளி வைத்தார், ஏரியில் விட்டுவிட்டார்.

"அண்ணே! என்னண்ணே பண்ணுதீக? அதுதான பெரிய மீனு!" என்று கத்தினேன்.

"பாஸ் ஆயிட்ச்சுப்பா. பாஸ் ஆன பீஸை இங்கியே வெச்சிக்கினு இன்னா பண்றது? டிஸ்பாட்ச் பண்ணிட்டேன்."

சிரித்த சிரிப்பில் ஒருவன் தண்ணீரிலேயே விழுந்தான். ரிஜெக்ட் மீன்களைக் குழம்பு வைத்துச் சட்டியை வழித்துத் தின்றோம். அவர் முகத்தில் மட்டும் சிரிப்பே இல்லை.

அது விளையாட்டா, தொழில் பழக்கமா, இன்றும் எனக்குத் தெரியாது. படப்பை மார்க்கெட்டில் விரால் வாங்கும்போது மட்டும், முதலில் தலையைத்தான் பார்க்கிறேன்.