ஆறு மாதம் திறக்காத ஃபோல்டர்

இன்று ஹாலிஎலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், பழைய சர்வரை மாற்றினேன்.

புது முறையில், அடிக்கடி திறக்கும் ஃபோல்டர்கள் கந்தோரிலேயே வேகமான டிஸ்க்கில் இருக்கும். ஆறு மாதம் யாரும் திறக்காதவை தானாகவே க்ளவுடுக்குப் போய்விடும். அழியாது. கூப்பிட்டால் வரும், கொஞ்சம் தாமதமாக.

அந்த ரூலை எழுதியது நான்தான்.

க்ளவுடுக்குப் போகப்போகும் ஃபோல்டர்களின் பட்டியலைப் பார்த்த கிளார்க் செல்வி அக்கா, "தம்பி, நம்ம சுமதியோட ஃபோல்டரும் இதுல இருக்கே," என்றார்.

சுமதி என் மனைவி. இந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். இறந்து ஏழு மாதம்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க்கா."

"ஆமா, பெரிய ரூலு! ஒருக்கா தொறந்துட்டா போகாதுன்னு காலையில நீங்கதானே சொன்னீங்க? நான் போய் தேத்தண்ணி ஊத்திட்டு வர்றேன்."

கதவையும் சாத்திவிட்டுப் போனார்.

அவள் ஃபோல்டரில் ஒரு கோப்பைத் திறந்தேன். குழந்தைகளின் எடைப் பட்டியல். ஓரத்தில் அவள் குறிப்பு: "கவின் சப்பாத்தைக் கழட்டாம தராசுல ஏறிட்டான். நாளைக்குத் திரும்ப நிறுக்கணும்."

மூடினேன். இன்னும் ஆறு மாதம் அந்த ஃபோல்டர் இங்கேயே இருக்கும்.

சிஸ்டம் ஆட்கள் திட்டுவதானால் திட்டலாம். மற்றவர்கள் சொல்லுங்கள், நீங்கள் எதைச் சும்மா திறந்து மூடுகிறீர்கள்?