லாரி போகட்டும், அப்புறம் பாடலாம்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பிளஸ் டூவைப் பாதியில் விட்டவனுக்குப் பாட்டு வாத்தியார் வேலை கிடைத்ததே வேடிக்கை. அதைப் பற்றி எழுதவும் செய்தால், எங்கள் கச்சேரிக் குழுவில் டோலக் வாசிக்கும் நண்பன் என்னை ஓட்டியே கொன்றுவிடுவான். கல்யாண வீடுகளில் அவன் டோலக், நான் கீபோர்டு. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

லாரிகள் நின்று போகிற கேரள எல்லைச் செக்போஸ்ட் ஊர் வாளையார். அங்கே ஹைவேயை ஒட்டி இருக்கிறது அந்தப் பள்ளிக்கூடம். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லித்தரக் கூப்பிட்டிருந்தார்கள். முதல் நாள் 'ச' பிடித்து இழுத்தேன். ஒரு லோடு லாரி வந்தது. நான் அதைவிடச் சத்தமாக இழுத்தேன். பிள்ளைகள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"லாரி போகுதுங் சார்" என்றாள் முன்வரிசையில் இருந்த ஏழாம் வகுப்புப் பெண். "அது போகட்டுமுங். அப்புறம் பாடலாம்."

அங்கே எல்லோருக்கும் அதுதான் பழக்கம். அந்தப் பெண்ணின் அம்மா ஹைவே ஓரத்தில் டீக்கடை வைத்திருக்கிறார். "நேத்து கோயல்ல..." என்று ஆரம்பிப்பார். லாரி வந்தால் நிறுத்துவார். அது தாண்டியதும், "பொங்கலு தீந்து போச்சுங்" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்வார். கேட்கிறவரும் டம்ளரைப் பிடித்தபடி காத்திருப்பார். லாரிக்கு மேலே கத்துகிறவன் வெளியூர்க்காரன்.

பிள்ளைகள் பாட்டையும் அப்படியே பாடினார்கள். லாரி வந்தால் நிறுத்தம். போனதும் எல்லோரும் ஒன்றாக, விட்ட சுருதியிலேயே எடுத்தார்கள். நம்பாமல் கீபோர்டைத் தொட்டுப் பார்த்தேன். இம்மியும் பிசகவில்லை. மேடையில் மைக் கரகரத்தாலே சுருதியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் நான்.

பிறகு பாட்டு எழுதச் சொன்னேன். "நிலா வேண்டாம், பூ வேண்டாம். உங்க கண்ணால பாத்தத எழுதுங்க." அடுத்த வாரம் ஏகப்பட்ட நிலா வந்தது. ஒரு பையன் இரண்டு கொண்டுவந்திருந்தான். "ஒண்ண ஹைவேயில மாட்டலாம்டா, அங்க தெருவெளக்கு எரியறதில்ல" என்றேன். டீக்கடைக்காரம்மா மகள் மட்டும் இப்படி எழுதியிருந்தாள்:

வெங்காயம் வருது, கோழி வருது,
வெள்ளச் சாக்குல சிமெண்டு வருது,
எல்லா லாரியும் நின்னு போகுது...
எங்கப்பா லாரி எப்போ வருது?

அவள் அப்பா வடக்கே லோடு கொண்டுபோகிற டிரைவர். மூன்றாவது வரிக்கும் நான்காவதற்கும் நடுவே பெரிய இடம் விட்டிருந்தாள்.

"இதென்ன, ரோட்டுல பள்ளமா?"

"அங்க ஒரு லாரி போகோணுங் சார். அது எங்கப்பாவுதானான்னு பாக்கோணுமுங். இல்லீன்னு தெரிஞ்ச பொறவுதான் கடேசி வரி."

கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன். அதே வாயால் அவள் வரிகளை முணுமுணுத்துப் பார்த்தேன்.

மெட்டு நான் போட்டேன். உச்சத்தில் ஏறி இறங்கும் கல்யாணக் கச்சேரி மெட்டு. அவள் பேசுகிற குரலுக்கே அதை இறக்கிவிட்டாள். என் பங்குக்கு மூச்சு மட்டும் சொல்லிக்கொடுத்தேன். நிறுத்தத்தில் மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. விட்டுவிட்டு, மெதுவாக எடுக்க வேண்டும்.

ஆண்டு விழா அன்று அப்பா ஊரில் இருப்பார், மறுநாளே கிளம்பிவிடுவார். அவர் முன்னால் எல்லோருமாக இதைப் பாட வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. தலைமையாசிரியைக்குப் பயம். "பழைய வரவேற்புப் பாட்டே போதும் தம்பி. புதுசுல புள்ளைங்க தடுமாறி நின்னுட்டா?" கடைசியில், விழா நடக்கும் மண்டபத்தில் ஒத்திகை பார்த்து முடிவு செய்யலாம் என்றார்.

மண்டபம் ஹைவேயை விட்டு வெகுதூரம் உள்ளே. ஒரு சத்தமும் கிடையாது. மூன்றாவது வரி முடிந்தது. பிள்ளைகள் நிறுத்தினார்கள். நிறுத்தியவர்கள் நின்றபடியே நின்றார்கள். லாரி போய் முடிந்தால்தானே மறுபடி எடுப்பார்கள்? வகுப்பில் அந்த இடத்துக்கு எப்படியும் ஒரு லாரி வந்துவிடும். இங்கே லாரியே வரவில்லை.

"பாத்தீங்களா" என்றார் தலைமையாசிரியை.

நான் அவசரமாக அந்த இடத்தைக் கீபோர்டு வாசித்து நிரப்பினேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"சார், நீங்க சும்மா இருங்க."

"அப்ப அந்த எடத்த எடுத்துட்டு நேராப் பாடிரலாமா?"

"அது இல்லீன்னா இது எம்பாட்டே இல்லீங்."

பிறகு மற்ற பிள்ளைகளிடம் போனாள். "எல்லாரும் மனசுக்குள்ள லாரிய ஓட்டுங்க. வளைவுல வருது, ஹாரன் அடிக்குது, எங்க கடையத் தாண்டுது. பின்னாடி செகப்பு லைட்டு மறையோணும். மறைஞ்சாத்தான் பாடோணும்."

முதல் தடவை ஒரு பையன் சீக்கிரமே பாடிவிட்டான்.

"டேய், உன்து காலி லாரி! லோடு ஏத்துடா!"

அடுத்த தடவை அவன் ரொம்பப் பிந்தினான். "டயரு பஞ்சருங்கக்கா" என்றான். எல்லோரும் சிரித்து முடித்து, எந்தச் சாமான், எத்தனை மூட்டை என்று சண்டை போட்டு, ஒரே சிமெண்டு லாரிக்கு ஒத்துக்கொண்டார்கள். அதன்பின் நான் தலையாட்டவில்லை, கை காட்டவில்லை. எல்லோரும் ஒரே நொடியில் எடுத்தார்கள். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாடட்டும் தம்பி" என்றார்.

விழாவில் அவள் அப்பா வாசல் பக்கம் கைகட்டி நின்றார். மூன்றாவது வரி முடிந்து பிள்ளைகள் நிறுத்தினார்கள். பாட்டு முடிந்ததென்று மேடையில் சிறப்பு விருந்தினர் மட்டும் தனியாகக் கைதட்டினார். ஊர்க்காரர் ஒருவரும் தட்டவில்லை. அவர்களுக்குத் தெரியும். நான் விரல்களைக் கட்டைகளுக்கு மேலே தூக்கியபடி உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையிலேயே கஷ்டமான வாசிப்பு அதுதான்.

அப்போது அவள் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலை இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பியது, கண்முன்னே ஒரு லாரி போகிற மாதிரி. அது போய் முடிந்ததும் பிள்ளைகள் எடுத்தார்கள்.

எங்கப்பா லாரி எப்போ வருது?

அவர் பாட்டு முடிந்தும் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. அவிழ்த்தால் முகத்தைத் துடைக்க வேண்டியிருக்கும் போல. மகள் மேடையிலிருந்து இறங்கி ஓடியபோதுதான் அவிழ்த்தார்.

யாரோ போனில் எடுத்த வீடியோவை டோலக் நண்பனுக்கு அனுப்பி, "எப்படி நம்ம வாத்தியார் வேலை?" என்று கேட்டேன். உடனே பதில் வந்தது:

"அந்தச் சத்தமில்லாத எடம் பிரமாதம்டா, நீ வாசிச்சதுலயே அதுதான் பெஸ்ட்டு."