மெதுவாகப் பாட வேண்டிய பக்கம்

சிவகாசியில் கிறிஸ்துமஸ், காலண்டர் சீசனோடு சேர்ந்துதான் வரும். அந்த டிசம்பரில் பகல் முழுக்க ஆப்செட் மிஷினில் நின்றுவிட்டு, நகக்கண்ணில் மை போகாமலே சாயங்காலம் கோயில் பாடகர் குழுவுக்கு ஓடினேன். பிரெஞ்சுக்காரர் ஒருவர் நூற்றைம்பது வருடங்களுக்கு முன் கிறிஸ்து பிறப்புக்காக எழுதிய நீண்ட கூட்டுப்பாடலை அந்த வருடம் எடுத்திருந்தோம். பாஷை லத்தீன். அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, வீணாய்ப்போன காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நானே அச்சடித்துக் கொடுத்திருந்தேன். யாழ் வாசிக்க வேண்டிய இடத்தில் எங்களுக்குக் கீபோர்டு.

ஆண்களின் கீழ்க்குரலான பேஸ் வரிசையில் என் குரல்தான் பெரியது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. நடுவில் ஒரு பக்கம் மட்டும், மூச்சு விடுகிற அளவுக்கு எல்லாரும் மெதுவாகப் பாட வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்ததும் அதுதான். எங்களை நடத்திய பாட்டு டீச்சர் அங்கே வந்ததும் கையை நிறுத்திவிடுவார்.

"அண்ணாச்சி, வெண்கலக் கடையில ஆனை புகுந்த மாதிரி இருக்கு. கொஞ்சம் கொறைங்க."

"இதுக்கு மேல கொறைச்சா வாய மூடத்தான் வேணும் டீச்சர்."

கடைசிப் பிராக்டிஸில் அதையே சொல்லிவிட்டார். "கோவிச்சுக்கிடாதீக. அந்த ஒரு பக்கம் மட்டும் நீங்க பாட வேண்டாம்."

கோவித்துக்கொண்டேன். பெண்கள் வரிசையில் ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல் பாடும் என் மனைவியிடம் வீட்டில் போய்ப் பொருமினேன். "நீங்க வீட்லயே அப்பிடித்தான பேசுறீக," என்றாள். மிஷின் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவன் வேறு எப்படிப் பேசுவான்? எங்கள் பிரஸ்ஸில் எல்லாருமே அப்படித்தான்.

பண்டிகைக்கு முந்தின ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. அந்தப் பக்கம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். டீச்சரின் கை உயர்ந்தது, தாழ்ந்தது. யாரும் பாடவில்லை. பதற்றத்தில் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட. நானாவது எடுத்துக் கொடுக்கலாம் என்று மூச்சை இழுத்தபோது எதிர் வரிசையில் என் மனைவியைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவளுக்கும் அசைந்தது. சபையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது.

எல்லாரும் உரக்கப் பாடும் கடைசி அல்லேலூயா நன்றாகவே கேட்டது. பாடவும் பாடினேன்.

ஆராதனை முடிந்து உள்ளேயே கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் என்னைத் தேடி வந்தார். "எனக்குத்தான் சங்கடமாப் போச்சு அண்ணாச்சி. அடுத்த வருசம் அந்தப் பக்கத்தையும் நீங்க பாடணும். நான் கூட இருந்து சொல்லித் தாரேன்."

"நீங்கள்லாம் பாடுனது எனக்குக் கேக்கவே இல்ல டீச்சர்," என்றேன்.

அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னதாகத்தான் நினைத்தேன். கோயிலில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.