காது கிழிந்த எலிக்கு ஒரு புள்ளி

2023 ஒக்டோபர் 10, செவ்வாய்க்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். கணவருக்கு மாத்திரையும் வெந்நீரும் கொடுத்தேன். ஐந்து நாற்பதுக்கு அவருடைய கால்பயிற்சி: கட்டிலிலிருந்து யன்னல்வரை பதினொரு அடி, திரும்பப் பதினொன்று. ஒரு தடவை அலுமாரியைப் பிடித்தார். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீடு சரிவில் இருப்பதால் அந்த யன்னலில் உள்துறைமுகத்தின் ஒரு துண்டு தெரியும். அங்கே இருபது வருடம் பாரந்தூக்கி இயக்கியவர் அவர். இப்போது ஒரு தேநீர்க் கோப்பைக்கு இரண்டு கைகளும் வேண்டும். நரம்புகளைச் சுற்றியிருக்கும் உறை கொஞ்சங் கொஞ்சமாக அழிந்துபோகும் நோய். எட்டரைக்கு நான் கணினிக்கு முன்னால் இருந்தேன்.

என் வேலை எலிகள் நடுங்குவதைப் பார்ப்பது. வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் இருக்கும் குறிஞ்சாக்கேணிப் பெண் ஒருத்தி தந்த வேலை. நான் உயிரியல் படிப்பித்த காலத்தில் என் வகுப்பில் இருந்தவள். இப்போது எனக்கு மேலதிகாரி.

மூளையில் நரம்புக் கலங்களைத் தாங்கிப் பராமரிக்கும் வேறு கலங்களும் உண்டு. நரம்பு உறையைச் சுற்றுவது அவற்றில் ஒரு வகை. மனிதரின் அந்தக் கலங்கள் உயிருள்ள மூளைக்குள் என்ன செய்கின்றன என்று மனிதரைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே, உறை சரியாக உண்டாகாமல் பிறந்து எந்நேரமும் நடுங்கும் ஓர் எலி இனத்தை எடுத்து, குட்டியிலேயே அதன் மூளைக்குள் மனிதக் கலங்களை வைக்கிறார்கள். சில குட்டிகளுக்கு வெறும் திரவம் மட்டும். எந்த எலிக்கு எது என்று எனக்குச் சொல்வதில்லை. எலி அதேயானாலும் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு புது இலக்கம் மட்டும் இருக்கும். இரண்டு நிமிடம் பார்த்து, நடுக்கத்துக்குப் பூச்சியத்திலிருந்து நான்குவரை புள்ளி போடவேண்டும். தெரியாமல் பார்ப்பதுதான் என் வேலையின் பெறுமதி. தெரிந்தவர் தான் விரும்புவதைக் கண்டுவிடுவார்.

அன்று ஏழாவது வீடியோவில் ஓர் எலி இடது கையால் உணவைப் பிடித்துக்கொண்டு திரும்பியது. அதன் வலது காதின் நுனி பிறைபோலக் கிழிந்திருந்தது. எனக்கு அந்தக் காதைத் தெரியும்.

நான் இருபத்திரண்டு வருடமாக டயறி எழுதுகிறேன். பார்த்த வீடியோக்களையும் மாலையில் ஒவ்வொரு வரியாக அதில் எழுதிவந்தேன். பக்கங்களைப் புரட்டினேன். ஓகஸ்ட் 22: "வலது காது நுனி கிழிந்தது. இடது கையால் உண்கிறது. மூன்று." அதே எலி. ஏழு கிழமைக்குப் பிறகு இன்று நான் போட்டிருந்தது ஒன்று. இந்த எலிகளின் நடுக்கம் வயதோடு கூடுமே தவிரக் குறையாது. குறைந்தால் ஒரு காரணந்தான் இருக்கும்.

பின்னால் கதிரையில் இருந்த கணவர் கேட்டார். "என்ன, பழைய டயறியைக் கிண்டுறீர்?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.

"மூண்டிலயிருந்து ஒண்டோ?" என்றார். "அப்ப அந்த ஆளுக்கு மனுசக் கலம் பிடிச்சிட்டுது."

"அது இன்னும் தெரியாது."

"உமக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

மதியம் சோறு இரண்டாந்தரம் கேட்டார். பிறகு வாசற்படலைவரை நடக்கவேண்டும் என்றார். ஐந்து மாதமாகக் கேட்காதது. மெல்லப் போய், படலையைப் பிடித்து நின்று, துறைமுகத்தைப் பார்த்தார். "எலிக்கு ஏலுமெண்டால்..." என்று தொடங்கி, முடிக்காமல் சிரித்தார்.

அவரைக் கட்டிலில் விட்டுவிட்டு ஏழாவது வீடியோவை மறுபடி நான்கு தடவை பார்த்தேன். ஒன்று போலவும் இருந்தது, இரண்டு போலவும் இருந்தது. காதைக் கண்டபிறகு போட்ட புள்ளியா, காணமுன்னர் போட்டதா என்பதுகூட நினைவில்லை. மூன்று இருபதுக்கு அந்த ஆய்வுகூடப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"டயறியில எழுதினீங்களா டீச்சர்?"

"ஓம். எல்லாத்தையும்."

"பரீட்சையில பாத்தெழுதத் துண்டு வெச்சிருந்த பிள்ளையளை வெளியில அனுப்பின ஆள் நீங்க."

"அதுதான் நானே சொல்லுறன்."

அவள் சிரித்தாள். பிறகு குரல் மாறியது. "ஓகஸ்டில இருந்து நீங்க போட்ட புள்ளி எல்லாத்தையும் விலக்கணும் டீச்சர். அந்த எலிட மட்டும் விலக்கினாக் காணாது. வேற எதை நீங்க அடையாளம் கண்டீங்கண்டு உங்களுக்கே தெரியாதே."

"யார் பாக்கிறது?"

"வேற ரெண்டு பேர். காதை மறைச்சு அனுப்பச் சொல்றன். நீங்க இனிப் புது எலியளப் பாருங்க. டயறி வேணா."

"அந்த எலிக்கு என்ன குடுத்தது?"

"எனக்கும் தெரியா. தெரிஞ்சாலும் உங்களுக்குச் சொல்ல ஏலா."

கணவர் விழித்துத்தான் இருந்தார். சுவரைப் பார்த்தபடி கேட்டார். "அப்ப ஒண்டில்லையோ?"

"எனக்குத் தெரியேல்லை. ஒண்டாயும் இருக்கலாம்."

"பேசாமல் விட்டிருக்கலாம். ஆருக்குத் தெரியும்?"

"விட்டால், பிறகு அவையள் எலிக்குச் சுகம் எண்டு எழுதினாலும் நீங்கள் நம்பேலாது. நான் போட்ட புள்ளியும் அதுக்குள்ள கிடக்கும்."

கீழே கண்டி வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"மற்ற ரெண்டு பேரின்ர வீட்டிலயும் என்னைப்போல வருத்தக்காரர் இருக்கப்பிடாது," என்றார். "அதையும் கேட்டிருக்கலாம் நீர்."

"நாளைக்குக் கேக்கிறன்."

"கேட்டு, டயறியில எழுதாதையும்."

அன்றைய பக்கத்தில் காலைப் பயிற்சியையும் படலைவரை போனதையும் எழுதினேன். எலிகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

மறுநாள் ஐந்து பத்துக்கு எழுந்து, மாத்திரைக்கும் முன்னால், கணினி மேசையில் இருந்த டயறிகளைக் குசினிக்குக் கொண்டுபோனேன். அங்கே சட்டிபானை அலுமாரியின் மேல்தட்டு எனக்கு எட்டாது, கதிரையில் ஏறினேன். சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் பின்னால் வந்துவிட்டார். "விழப்போறீர்," என்று கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். என் காலுக்குக் கீழே கதிரை நடுங்கியது. எவ்வளவு என்று பார்க்காமல் டயறிகளை மேலே வைத்தேன்.