மச்சான் முறைக்குத் தீட்டு இல்லை

செவ்வாய்க்கிழமை காலை என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் முதல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. எதிர் மெடிக்கல் கடைக்காரர் வந்து, "சார், நாகல் நகர் நூல்கடைக் கதிரேசன் போயிட்டாராம். நெஞ்சுவலியாம். போன் வந்துச்சு" என்றார். சரி என்றேன். வகுப்பை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். அழுகை வரவில்லை. இதை எழுதும்போதும் வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆண்களை நேசிக்கும் ஆண்களாகிய எங்களுக்குத் திண்டுக்கல்லில் முதன்முதலில் உட்கார ஓர் இடம் கொடுத்தவர் அவர். ஞாயிறு பிற்பகலில் கடை விடுமுறை. பின்னறையில் நூல் மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேசுவோம். டீயும் முறுக்கும் அவர் செலவு. ஆனால் ஒவ்வொருவராகத்தான் வர வேண்டும், ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும். வாய்விட்டுச் சிரித்தால், "மெதுவாப்பா, பக்கத்துல மளிகைக்கடை" என்பார்.

அவருடைய துணை தங்கராசு, அகரத்துக்காரர், மில் ஃபிட்டர். தெருவுக்கு இருவரும் மச்சான்கள். அது கதிரேசன் செய்த ஏற்பாடு. வெறும் பேச்சோடு அவர் விடவில்லை. தங்கராசின் அக்கா மகள் காதுகுத்துக்குச் சீர்த்தட்டு தூக்கினார். தங்கராசின் அப்பா இறந்தபோது மச்சான் முறைக்குக் கோடித் துணி போட்டார். தங்கராசும் கதிரேசன் வீட்டில் ஒரு விசேஷத்தைத் தவறவிட்டதில்லை.

"செய்முறை செஞ்சா உறவு நின்னுரும். சட்டமா வந்து நம்மளக் காப்பாத்தப் போகுது? முறைதான் காப்பாத்தும்" என்பார் கதிரேசன்.

எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு வார இதழ் எங்களைப் போன்றவர்களை நோயாளிகள் என்று எழுதியபோது, எல்லோரும் பெயர் போட்டுப் பதில் எழுதுவோம் என்றேன்.

"பேரு போட்டா நாளைக்கு என் கடை ஷட்டரத் தூக்க முடியுமா?" என்றார்.

"நாளைக்கு நீங்க பொணமாக் கெடந்தா, தங்கராசு யாருன்னு சொல்லுவாக?"

"மச்சான்னு சொல்லுவாக. அது போதும்."

"உங்களுக்குப் போதும்" என்றேன்.

அந்த ஞாயிறோடு இரண்டாகப் பிரிந்தோம். வெளிப்படையாகப் பேச வேண்டும் என்றவர்கள் என் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார்கள். ஊரோடு ஒத்துப்போக வேண்டும் என்றவர்கள் நூல்கடையிலேயே இருந்தார்கள். அதற்காகப் பஸ் ஸ்டாண்டில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஆள் அல்ல அவர். "என்னப்பா புரட்சி, சாப்டியா?" என்று கேட்பார். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும்.

துக்க வீட்டில் என் பயமெல்லாம் தங்கராசைக் கிட்டே விடுவார்களா என்பதுதான். அவர் பந்தல் கால் ஓரமாக நின்றிருந்தார். தெருப் பெரியவர் குரல் கொடுத்தார்: "பங்காளிக முடிஞ்சுச்சா? மாமன் மச்சான் முறைக்காரக கோடி போடுங்க."

கதிரேசனின் தம்பியே வந்து தங்கராசின் கையைப் பிடித்தார். "நீங்கதான மச்சான் மொதல்ல போடணும், வாங்க." கூட்டம் விலகி வழிவிட்டது. கதிரேசன் என்னை ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். தங்கராசு வேட்டியை விரித்துப் போர்த்தினார். நெஞ்சின்மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

"சரி மாப்ள, போதும். அடுத்த ஆளு வாங்க" என்று பெரியவர் அவர் தோளைத் தொட்டு விலக்கினார்.

சுடுகாட்டிலிருந்து வந்து எல்லோரும் குளித்தார்கள். பங்காளிகள் பதினாறு நாள் துக்கம் காப்பது பற்றிப் பேசினார்கள். தங்கராசு மெல்லக் கேட்டார்: "நானும் பதினாறு வரைக்கும் இங்கனயே இருக்கட்டுமா?"

பெரியவர் அன்பாகத்தான் சொன்னார்: "மச்சான் முறைக்கு ஏதுப்பா தீட்டு? குளிச்சாச்சுல்ல, அம்புட்டுத்தான். நாளைக்கு ஷிப்டுக்குப் போ. பதினாறன்னைக்கு வந்து சாப்டுட்டுப் போ."

ஈர வேட்டியோடு என்னிடம் வந்தார். "எனக்குத் தீட்டு இல்லையாம், சார்" என்றார்.

கதிரேசன் அண்ணே, நம் வாக்குவாதம் முடியவில்லை. நீங்கள் இல்லாமல் இனி அதை யாரோடு நடத்துவது என்றும் தெரியவில்லை. தங்கராசு மில்லுக்குப் போகவில்லை. சவரம் செய்யாத முகத்தோடு என் இன்ஸ்டிடியூட் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பதினாறு வரை இங்கேயே இருக்கட்டும். அவரிடம் துக்கம் கேட்க நம் இரண்டு பக்கத்து ஆட்களும் வருகிறார்கள். ஒவ்வொருவராகத்தான் வருகிறார்கள், நீங்கள் பழக்கியது விடவில்லை. போய் வாருங்கள்.